கொழிஞ்சாம்பாறைக்கும் அடித்த முதல் மணி

2020 ஜூன் 1, திங்கட்கிழமை. வேறு ஆண்டாக இருந்தால் கேரளத்துப் பள்ளிகளில் பலூன் கட்டி, மிட்டாய் கொடுத்து, புதுப் பிள்ளைகளை வரவேற்கும் நாள். கொரோனாவால் அந்த ஆண்டு கதவு திறக்கவில்லை, டிவியைத்தான் திறந்தார்கள். மாநில அரசின் கைட் நிறுவனம் நடத்தும் விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் வகுப்புகள் ஓடத் தொடங்கின. பாடத்துக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். ஒன்றாம் வகுப்புக்குப் பூனைக் கதை சொன்ன கோழிக்கோட்டு ஆசிரியை ஒருவர் ஒரே நாளில் மாநிலமெங்கும் தெரிந்த முகமாகிவிட்டார். கையை ஆட்டி, கண்ணை உருட்டி, குரலை ஏற்றி இறக்கிச் சொன்னார். சில பெரியவர்கள் கேலி செய்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொன்ன கதையை முப்பது வயதில் உட்கார்ந்து கேட்டால் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் கதை மலையாளத்தில் இருந்தது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி எனக் கோயம்புத்தூர் பக்கம் முகம் காட்டும் ஊர்கள் இருக்கின்றன. கரிசல் மண்ணும் பனைமரமும், கேரளம் என்று சொன்னால் புதிதாக வருகிறவர் நம்பமாட்டார். தெற்கே இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் தேயிலைத் தோட்டங்கள். 1956-இல் மொழிவாரி மாநிலக் கோடு போட்டபோது இந்த ஊர்கள் கேரளத்தில் நின்றன, இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளில் பலர் இன்றும் தமிழ் வழியில்தான் படிக்கிறார்கள். கடையிலும் பஸ்ஸிலும் மலையாளம் தாராளமாக வரும். பின்னத்தையும் ஒளிச்சேர்க்கையையும் மலையாளத்தில் கேட்டுப் புரிந்துகொள்வது வேறு விஷயம்.

பக்கத்திலேயே தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி இருந்ததே, அதைப் பார்த்திருக்கலாமே என்று தோன்றும். 2019 ஆகஸ்ட் 26-இல் தொடங்கிய சேனல் அது, மொழியும் தமிழ்தான். ஆனால் கேரளத்துத் தமிழ் வழிப் பிள்ளையின் கையில் இருப்பது கேரளப் பாடத்திட்டத்தின் தமிழ்ப் புத்தகம். எந்த வகுப்பில் எந்தப் பாடம், எந்த வரிசையில், எந்த வகைக் கேள்வியோடு என்பதெல்லாம் வேறு. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்கு எல்லையான வாளையாறு தாண்டி வரும் பாடம் பொது அறிவுக்கு உதவும், தேர்வுக்கு உதவாது. ஆக, மொழி ஒரு பக்கமும் பாடத்திட்டம் மறுபக்கமுமாக இருந்தன. இரண்டும் சேரும் இடத்தில் யாராவது புதிதாக ஒன்றைச் செய்தாக வேண்டியிருந்தது.

செய்தது பாலக்காடு. கைட்டின் பாலக்காடு மாவட்டப் பிரிவு தமிழ் வழி வகுப்புகளைத் தன் யூடியூப் சேனல் வழியாகக் கொடுத்தது. கன்னடத்துக்குக் காசர்கோடு அதே வேலையைச் செய்தது. தலைநகரில் எடுத்த மலையாள வகுப்புக்குத் தமிழில் குரல் கொடுத்து ஒப்பேற்றியிருக்கலாம். ஆனால் வகுப்பு என்பது சினிமா அல்ல, கேமரா முன் நிற்பவர் அந்தப் பிள்ளைகளின் பேச்சையும் புத்தகத்தையும் அறிந்தவராக இருக்க வேண்டும்.

இதற்கான அடித்தளம் அன்றே பதினைந்து ஆண்டு பழையது. கல்விக்கென்றே இந்தியா செய்த எஜுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பர் 20-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதைக் கொண்டு இயங்கிய விக்டர்ஸை மறு ஆண்டு ஜூலை 28-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தவர் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2017-இல் கைட் நிறுவனமாக மாறியது. நாற்பத்தைந்தாயிரம் வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் கொடுத்து முடித்திருந்த நேரத்தில்தான் தொற்று வந்தது. கருவி இருந்தது. கருவி முன் நின்று பாடம் நடத்திய பழக்கம்தான் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இல்லை.

வகுப்பறையில் ஆசிரியரை நடத்துவது பிள்ளைகளின் முகம். கடைசி பெஞ்சில் ஒருவன் விழித்தால் மறுபடி சொல்வோம். கேமராவுக்கு முகம் கிடையாது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ எழுபதுகளில் ஒன்றைக் கண்டு சொன்னார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக்கினாலே பிள்ளைகளின் பதில் நீளுகிறது, பதில் சொல்லத் துணிபவர்களும் கூடுகிறார்கள். எதிரே ஆளே இல்லாதபோது அந்த மூன்று நொடி சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கேமரா முன் நின்றவரைக் கேட்க வேண்டும். "நோட்டுல இருந்து ஒரு தாளை எடுங்க. ரெண்டா மடிங்க. இன்னொரு தடவை மடிங்க. பிரிச்சுப் பாருங்க, எத்தனை பாகம்?" என்று கேட்டு, பிள்ளை தாளைப் பிரித்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பவர் கால் என்ற பின்னத்தைக் காட்டிவிட்டார். கேட்ட மூச்சிலேயே "நாலு, சரியா?" என்று முடிப்பவர் தனக்குத்தானே பாடம் நடத்துகிறார். இணைய வகுப்பைப் பற்றி எத்தனையோ பயிற்சிக் கையேடுகள் வந்தன. இந்த ஒன்றைச் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்பேன்.

மீதிப் பாதி டிவியை அணைத்த பிறகு. மெக்சிகோ 1968-இல் தொடங்கிய தெலெசெகுந்தாரியா கிராமப் பள்ளிகளுக்குத் தொலைக்காட்சி வழியாக நடுநிலைக் கல்வி கொடுத்த திட்டம். அதன் சூட்சுமம் திரையில் இல்லை. கால்மணி நேரம்போல நிகழ்ச்சி, மிச்ச நேரம் முழுக்க அதே அறையில் ஓர் ஆசிரியர், புத்தகம், பயிற்சி. கேரளத்திலும் வகுப்பு ஒளிபரப்பான பின் அந்தந்தப் பள்ளி ஆசிரியர் போனிலும் வாட்ஸப்பிலும் தொடர வேண்டும் என்றுதான் ஏற்பாடு. நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, திருத்தித் தருகிறேன் என்ற அந்த வேலைக்கு ஒளிபரப்பின் புகழ் கிடைக்கவில்லை. என் கணக்கில் பாடம் நடந்தது அங்கேதான்.

தமிழ் வகுப்பு வந்த யூடியூபுக்கு நெட் வேண்டும். அங்கேதான் பாலக்காடும் இடுக்கியும் பிரிந்தன. சமவெளியான கொழிஞ்சாம்பாறையில் போன் இருந்தால் பாடம் கிடைக்கும், போன் யார் கையில் என்பதுதான் சண்டை. அப்பா வேலைக்குப் போகும்போது பாடமும் கூடவே போய்விடும். இடுக்கியின் மூணாறு மலையில் ஜூன் என்றால் தென்மேற்குப் பருவமழை, கரண்ட் போகும், டவர் படுக்கும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் ஒரு கோடு சிக்னல் வருவதற்குள் பாடம் சுற்றிச் சுற்றி நிற்கும். பிள்ளைகள் சிக்னல் தேடி மேடேறினார்கள். அந்த ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேர் போனார்கள். தோட்டத் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலைதான். சிக்னல் இல்லாததைக் கல்விச் சிக்கலாக மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதன்பிறகு அப்படிப் பேச முடியவில்லை.

பாலக்காட்டின் இன்னொரு எல்லையான அட்டப்பாடியில் தமிழ் வகுப்பும் போதவில்லை. இருளர், முடுகர், குறும்பர் பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சு வேறு. சமக்ர சிக்ஷா அமைப்பு அவர்கள் பேச்சிலேயே பாடங்களைப் பதிவு செய்து ஊர்களுக்குக் கொண்டுபோனது. மலையாளம் போதாமல் தமிழ், தமிழ் போதாமல் இருளர் பேச்சு என்று ஒரே மாவட்டத்துக்குள் ஒரு மணி மூன்று விதமாக அடித்தது.

2021 நவம்பர் 1-இல் பள்ளிகள் திறந்தன. பதிவுகள் இணையத்தில் இருந்தன. ஆனால் கேரளம் 2024-இல் ஒற்றைப்படை வகுப்புகளுக்கும் 2025-இல் இரட்டைப்படை வகுப்புகளுக்குமாக ஒன்று முதல் பத்து வரை புத்தகங்களையே மாற்றிவிட்டது. அன்று எடுத்த பாடங்கள் பழைய புத்தகத்துக்கானவை. புதிதாக எடுப்பதானால் மலையாளத்தை முடித்துவிட்டுத் தமிழுக்கு வரலாம் என்று இருக்காமல், சித்தூரிலிருந்தும் மூணாறிலிருந்தும் ஆசிரியர்களை முதல் நாளே அழைத்துவிடலாம்.