வாளி நிறைய மணல்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி ஊரில் இல்லை. அப்பளம் பொரிக்கிறேன் பேர்வழி என்று அடுப்பில் வாணலியை வைத்துவிட்டு, ஹாலில் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால்... எண்ணெய் தீப்பிடித்து எரிகிறது! கைக்குக் கிடைத்த சொம்புத் தண்ணீரை ஊற்றப் போனபோது பின்னாலிருந்து ஒரு அதட்டல்.

"டேய்! தண்ணி ஊத்தாதே!"

அம்மா. பதற்றமே இல்லாமல் காஸை மூடினார். பெரிய தட்டு ஒன்றை எடுத்து, வாணலியின் ஓரத்திலிருந்து மெள்ளச் சரித்து மூடினார். காற்று இல்லாமல் தீ அடங்கிவிட்டது. பி.காம். படித்த பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்!

அந்தத் தண்ணீர் எண்ணெயில் விழுந்திருந்தால் அடுத்த நொடியே ஆவியாகி, எரிகிற எண்ணெயைச் சமையலறை முழுக்க வாரி இறைத்திருக்கும். நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எந்தத் தீக்குத் தண்ணீர், எந்தத் தீக்கு மூடி என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

ஒரு காலத்தில் இந்தப் பாடத்தை ஒரு தேசமே உட்கார்ந்து படித்தது. வாருங்கள், லண்டனுக்குப் போகலாம்.

1930-களின் கடைசி. ஹிட்லரோடு யுத்தம் வந்தே தீரும் என்று தெரிந்துவிட்டது. வந்தால் விமானங்கள்தான் முதலில் வரும். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் நிபுணர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். முதல் 60 நாட்களில் செத்துப்போகிறவர்கள் மட்டும் 6 லட்சம் பேர்! கூடவே விஷவாயு வேறு வரும் என்று பயம். ஆகவே, 1938 செப்டம்பருக்குள் 3 கோடியே 80 லட்சம் விஷவாயு முகமூடிகளை வீடு வீடாகக் கொடுத்து முடித்தார்கள். குழந்தைகள் பயப்படக்கூடாது என்பதற்காகச் சிவப்பும் நீலமுமாக 'மிக்கி மவுஸ்' முகமூடி. விஷவாயு பட்டால் நிறம் மாறும் பெயின்ட்டைத் தபால் பெட்டிகளின் தலையில் பூசினார்கள்.

கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? யுத்தம் முடிகிறவரை பிரிட்டன் மேல் ஒரு விஷவாயுக் குண்டுகூட விழவில்லை.

சரி, அத்தனையும் வீண்தானா? கணக்குப் படித்தவன் என்பதால் சொல்கிறேன். இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டிய வருடத்தில் வீடு எரியவில்லை என்றால் அதை நஷ்டம் என்று எழுத மாட்டோம். ஆனால், எதிர்பார்த்த ஆபத்து ஒன்று, வந்த ஆபத்து வேறு. இதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம்.

இந்த ஏற்பாடுகளுக்குப் பொறுப்பேற்றவர் சர் ஜான் ஆண்டர்சன். நமக்குப் பழக்கமான ஆசாமிதான்! 1932 முதல் 1937 வரை வங்காள கவர்னராக இருந்து, புரட்சிக்காரர்களை இரும்புக்கரம் கொண்டு அடக்கியவர். 1934-ல் டார்ஜிலிங் பக்கம் லெபோங் குதிரைப் பந்தய மைதானத்தில் இவரைச் சுட்டார்கள். தப்பிவிட்டார். ஊருக்குத் திரும்பியதும் குண்டுவீச்சிலிருந்து ஜனங்களைக் காப்பாற்றும் வேலை!

வீட்டுத் தோட்டத்தில் புதைக்கும் பதுங்குமிடம் ஒன்று அவர் காலத்தில் தயாரானது. பெயரே 'ஆண்டர்சன் ஷெல்டர்'. வளைத்த நெளி தகரங்களும் போல்ட்டும் நட்டும் வீட்டு வாசலில் வந்து இறங்கும். நாலடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, தகரங்களை முடுக்கி நிறுத்தி, மேலே ஒன்றேகால் அடிக்கு மண்ணைக் கொட்ட வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. உள்ளே ஆறு பேர் உட்காரலாம். நேராகத் தலையில் குண்டு விழுந்தால் கதை முடிந்தது. பக்கத்தில் விழுந்தால் பிழைக்கலாம். குளிரும், மழை பெய்தால் உள்ளே தண்ணீர் தேங்கும். மக்கள் அதைத் திட்டிக்கொண்டே இறைத்து வெளியே கொட்டினார்கள். மேலே கொட்டிய மண்ணைச் சும்மா விடுவானேன் என்று காய்கறி போட்டார்கள்! யுத்தம் தொடங்குவதற்குள் 15 லட்சம் ஷெல்டர்கள் போய்ச் சேர்ந்திருந்தன.

வருடத்துக்கு 250 பவுண்டுக்குக் கீழே சம்பாதிக்கிறவர்களுக்கு ஷெல்டர் இலவசம். மற்றவர்களுக்கு 7 பவுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பட்ஜெட்டில் ஒரு ஐட்டம் விட்டுப்போய்விட்டது... நிலம்! லண்டனின் கிழக்குப் பகுதியில் துறைமுகத் தொழிலாளர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். பல குடும்பங்களுக்குத் தோட்டம் ஏது? இலவசத் தகரத்தை எங்கே புதைப்பது?

1940 செப்டம்பர் 7. அன்று தொடங்கி 57 இரவுகள் தொடர்ந்து லண்டன் மேல் குண்டு மழை. முதல் அடி விழுந்தது, அந்தக் கிழக்குப் பகுதியில்தான். வீடிழந்த குடும்பங்களைக் கேனிங் டவுனில் சவுத் ஹால்ஸ்வில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். "பஸ் வரும், வேறு இடத்துக்குக் கூட்டிப்போவோம்" என்றார்கள். காத்திருந்தார்கள். பஸ் வரவில்லை. 10-ம் தேதி விடியும் முன்பு குண்டு வந்தது. அரசாங்கக் கணக்கில் செத்தவர்கள் 77 பேர். அது பொய், அதைப்போலப் பல மடங்கு என்பது அந்த ஊர்க்காரர்களின் வாதம்.

அதே நாட்களில் வேறு சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? 'பாதாள ரயில் நிலையத்தில் யாரும் பதுங்கக்கூடாது' என்று அரசாங்கம் தடை போட்டிருந்தது. மக்கள் வாதம் செய்யவில்லை. மலிவான டிக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கினார்கள். போர்வையை விரித்துப் படுத்துவிட்டார்கள்! அரசாங்கம் இறங்கி வர வேண்டியதாயிற்று. பிறகு படுக்கை, டீ, கக்கூஸ் எல்லாம் வந்தன. 1941-ல் தோட்டமில்லாதவர்களுக்காக, வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் இரும்பு மேஜையும் வந்தது. பகலில் சாப்பாட்டு மேஜை, ராத்திரி அதற்கடியில் குடும்பமே தூங்கும். முதலில் தந்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

இப்போது மணல் வாளிக்கு வருவோம்.

லண்டனில் கொத்துக் கொத்தாக விழுந்தவை எரிகுண்டுகள். ஒரு கிலோதான் எடை. உள்ளே மக்னீசியம். கூரையில் விழுந்து எரியும். பதறிப்போய் வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றினால் வெடித்துச் சிதறும். என் வாணலி கதைதான்! மணலைப் போட்டு அமுக்க வேண்டும். அல்லது, கையால் அடிக்கும் சின்ன பம்ப்பால் தண்ணீரைத் தூறலாகத் தெளிக்க வேண்டும். இதற்கு மூன்று பேர். ஒருவர் பம்ப் அடிக்க, ஒருவர் தண்ணீர் சுமக்க, ஒருவர் குழாயோடு தரையோடு தரையாக ஊர்ந்து போக. ஏன் ஊர்ந்து? புகை மேலே போகும், நல்ல காற்று தரைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இல்லத்தரசிகளும் கிளார்க்குகளும் ரிட்டயரான வாத்தியார்களும் இதைத் தெருவில் படுத்துப் படுத்துப் பழகினார்கள்.

பழகியது பயன்பட்டதா? ஒரே ஒரு ராத்திரியைப் பார்த்தால் போதும்.

1940 டிசம்பர் 29. கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. லண்டனின் வியாபாரக் கேந்திரமான 'சிட்டி' வெறிச்சோடிக் கிடந்தது. ஆபீஸ்களும் கோடவுன்களும் பூட்டு. சாவி எங்கோ ஒரு முதலாளி வீட்டில். கூரைகளில் காவலுக்கு ஆளில்லை. ஆயிரக்கணக்கில் எரிகுண்டுகள் விழுந்தன. குழாய்கள் உடைந்தன. தேம்ஸ் நதியிலும் அன்று பார்த்து நீர் மட்டம் இறங்கியிருந்தது. பேட்டர்நாஸ்டர் ரோ என்ற பதிப்பகத் தெருவில் மட்டும் லட்சக்கணக்கான புத்தகங்கள் சாம்பல்.

நடுவில் ஒரு கட்டடம் மட்டும் நின்றது. செயின்ட் பால் தேவாலயம்! அற்புதமா? இல்லை. அங்கே கூரையில் ஆட்கள் இருந்தார்கள். 'செயின்ட் பால் வாட்ச்' என்ற தொண்டர் படை. கட்டடக்கலை நிபுணர்கள் பலர் அதில் சேர்ந்திருந்தார்கள். அந்தக் கூரையின் ஒவ்வொரு சந்து பொந்தும் அவர்களுக்கு மனப்பாடம். கையில் அதே பம்ப், அதே மணல். கோபுரத்தின் ஈயத் தகட்டில் ஒரு குண்டு குத்தி நின்று எரிந்தது. தகடு உருகி, அது வெளி மாடத்தில் விழுந்ததும் அணைத்துவிட்டார்கள்.

பக்கத்துக் கட்டடங்களுக்கும் தேவாலயத்துக்கும் என்ன வித்தியாசம்? குண்டு ஒன்றுதான். மணலும் எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆள் இருந்தான், அவனுக்குக் கை பழகியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த மாதமே, 1941 ஜனவரியில், கூரைக் காவலைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார்கள்.

அந்த எட்டு மாதக் குண்டுவீச்சில் பிரிட்டனில் செத்தவர்கள் சுமார் 43,000 பேர். கொடுமையான எண்ணிக்கைதான். ஆனால், நிபுணர்கள் பயந்த 6 லட்சம் எங்கே, இது எங்கே! அவர்களுடைய கணக்கே மிகை என்பது ஒரு காரணம். தகரக் கூரைக்கும், மணல் வாளிக்கும், ஊர்ந்து போகப் பழகிய மனிதர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

'எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது, நீயே பார்த்துக்கொள்' என்று ஜனங்களிடம் சொல்லிவிட்டு அரசாங்கம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கேனிங் டவுனில் குடும்பங்கள் காத்திருந்த பஸ்ஸை அரசாங்கம்தான் அனுப்பியிருக்க வேண்டும். ஆனால், பஸ் வருகிற வரைக்கும் இருக்கிற பத்து நிமிடம் இருக்கிறதே, அது நம்முடையது.

உங்களைச் சில கேள்விகள் கேட்கலாமா? வீட்டு மெயின் ஸ்விட்ச் எங்கே? இருட்டில் தடவிப் போய் அணைக்க முடியுமா? காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை உங்கள் பிள்ளை மூடுவானா? அபார்ட்மென்ட் மாடிப்படியில் சிவப்பாக ஒன்று தொங்குகிறதே, அதன் பின்னை எப்படி இழுப்பது? மொட்டை மாடிக் கதவு சாவி யாரிடம்? செல்போன் செத்துவிட்டால் மனைவியின் நம்பர் மனப்பாடமாகத் தெரியுமா?

ஒன்றுக்கும் பணம் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஆனால், நீங்கள் மட்டும் தெரிந்துகொண்டு நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத அன்றைக்குத்தான் எண்ணெய் தீப்பிடிக்கும்!