ஐந்நூறா, ஆயிரத்தைந்நூறா: ஒரு மாத்திரை அளவின் வரலாறு

தமிழில் கால்சியத்துக்கு வழங்கும் பெயர் சுண்ணாம்புச் சத்து. பேறுகால மருத்துவத்தில் அதன் வரலாறும் சுண்ணாம்பிலிருந்தே தொடங்குகிறது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பன்று, குவாத்தமாலாவின் மாயா மக்கள் மக்காச்சோளத்தை வேகவைத்து ஊறவைக்கும் சுண்ணாம்பு நீர். வறுமை மிக்க அம்மக்களிடையே, கருவுற்ற பெண்களை மாய்க்கும் சூல்வலிப்பு அரிதாகவே காணப்பட்டது. அந்த முரணுக்கு விடை உணவிலுள்ள கால்சியமாக இருக்கலாம் என்னும் கருதுகோளை 1980இல் ஹோசே பெலிசானும் ஹோசே வில்லாரும் முன்வைத்தனர்.

1991இல் அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில், முதல் பேற்றை எதிர்நோக்கிய 1,194 பெண்களிடம் அக்கருதுகோள் சோதிக்கப்பட்டது. நாளொன்றுக்கு 2 கிராம் கால்சியம் பெற்றோரிடையே இரத்த அழுத்தக் கோளாறுகள் 9.8 விழுக்காடு, பெறாதோரிடையே 14.8. ஆறாண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் 4,589 பெண்களிடம் நடந்த சோதனையோ பயன் ஏதும் காணவில்லை. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது வழக்கம். அது முழுதும் சரியன்று. அமெரிக்கப் பெண்களின் உணவிலேயே கால்சியம் போதிய அளவில் இருந்தது. குறையில்லாத இடத்தில் நிறைவு என்ன மாற்றத்தைக் காட்டும்?

ஆகவே உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில், கால்சியம் குறைவாக உண்ணும் 8,325 பெண்களைத் தேர்ந்தது. 2006இல் வெளியான முடிவு சற்றே சிக்கலானது. நாளுக்கு 1.5 கிராம் கொடுத்தும் முன்சூல்வலிப்பின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அதன் கடுமையான விளைவுகள் குறைந்தன. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இவற்றுள் ஒரு பாதியையே எடுத்துக்கொள்கின்றனர்.

2013இல் அந்நிறுவனம் 1.5 முதல் 2 கிராம் வரை பரிந்துரைத்தது. மறு ஆண்டே இந்திய அரசு 1 கிராமை ஏற்றது: 14ஆம் வாரம் முதல் பேற்றுக்குப் பின் ஆறு மாதம் வரை, நாளுக்கு இரண்டு மாத்திரை. இரும்புச்சத்து மாத்திரையோடு அதைச் சேர்த்து விழுங்கலாகாது. கால்சியம் இரும்பு உட்கிரகிப்பைத் தடுக்கும். காகிதத்தில் எளிதாகத் தோன்றும் இவ்விதி, விடியலில் வயலுக்குச் செல்லும் பெண்ணின் அன்றாடத்தில் எளிதன்று. செலவும் சிறிதன்று.

500 மில்லிகிராம் போதுமா என்னும் வினா இங்கிருந்தே எழுந்தது. பெங்களூரிலும் தான்சானியாவின் தார் எஸ் சலாமிலும், ஓரிடத்துக்கு 11,000 பேர் வீதம், முதல் பேற்றுப் பெண்களிடம் அது ஆராயப்பட்டது. முடிவு 2024இல் வெளியாயிற்று. பெங்களூரில் முன்சூல்வலிப்பு 500 மில்லிகிராம் பெற்றோரிடையே 3.0 விழுக்காடு, 1,500 பெற்றோரிடையே 3.6, தான்சானியாவில் முறையே 3.0, 2.7. முன்சூல்வலிப்பைத் தடுப்பதில் சிற்றளவு பேரளவுக்குத் தாழ்ந்ததன்று என்பது ஈரிடத்தும் நிறுவப்பட்டது. குறைமாதப் பேற்றைப் பொறுத்தவரை இந்தியாவில் மட்டுமே அது நிறுவப்பட்டது, தான்சானியாவில் இல்லை.

இச்சோதனையில் கால்சியமே பெறாத ஒப்பீட்டுக் குழு கிடையாது. இரண்டு அளவுகளுக்கிடையே வேறுபாடு உண்டா என்பதை மட்டுமே அது சொல்கிறது. இரண்டும் எந்த அளவுக்குப் பயன் தருகின்றன என்பதை அறிய 2006ஆம் ஆண்டின் முடிவுக்கே மீண்டும் செல்ல வேண்டியிருக்கிறது.