படம் என்னும் சீலை

சேலம், நாமக்கல் பக்கம் 'படம்' என்றால் முதலில் சினிமா. துக்கம் நடந்த வீட்டில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. "அப்பாரு படத்தைப் பெருசு பண்ணோணும்" என்று பேரன் ஸ்டுடியோவுக்குப் போவான். கல்யாண ஆல்பத்தின் மூலையிலிருந்து ஒரு முகத்தை வெட்டியெடுத்து, சட்டையை மாற்றி, பின்னால் நீலம் பூசிக் கொடுப்பார்கள். அதற்கு மாலை போட்டபின் அதுதான் அப்பாரு.

மனித உருவத்துக்கு இந்த மண்ணில் பழைய பெயர் இதுவல்ல. பாவை என்பதே பெயர். சங்கப் புலவர்கள் அழகிய பெண்ணுக்கு உவமை தேடியபோதெல்லாம் கொல்லிமலைப் பாவையிடம் போனார்கள். 'படம்' அன்று துணிக்கடைச் சொல். வள்ளல் பேகன் மயிலுக்குக் கொடுத்த போர்வையைப் புறநானூற்றில் பரணர் படாம் என்கிறார். அதுவும் இந்தக் குடும்பம்தான். வடமொழியில் 'பட' என்றால் துணி. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி சீலை, சித்திரம் எழுதிய சீலை என்று படிப்படியாகப் பொருள் சொல்கிறது. துணியில் எழுதிய உருவம் துணியின் பெயரையே எடுத்துக்கொண்டது. பிறகு அது சுவருக்கும் காகிதத்துக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் மாறியபோதும் பெயரை விடவில்லை. வடமொழியா தமிழா என்ற வழக்கை நான் எடுக்கப்போவதில்லை. 1944 முதல் 1956 வரை தனித்தமிழ் அறிஞர் தேவநேயப் பாவாணர் தமிழ் கற்பித்த சேலத்தில் அப்படி ஒரு வழக்கைத் தொடங்கினால் சீக்கிரம் முடியாது.

எனக்குப் பெயரைவிட அதோடு சேரும் வினைகள்தான் சுவை. முன்பு படம் எழுதினார்கள். ஓவியத்துக்கும் ஏட்டுக்கும் எழுதுதல் ஒன்றே. 1888இல் மோகனூரில் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை இரண்டையும் எழுதியவர். நாமக்கல் கவிஞர் என்று நாம் அறிந்த அவருக்கு இளமையில் பிழைப்பு உருவப்படம் தீட்டுவது. கானாடுகாத்தானில் பாரதியைச் சந்தித்தபோது, தம்மை ஓவியமாக்கும்படி பாரதி கேட்டதாக அவருடைய 'என் கதை' சொல்கிறது. சென்னைத் தலைமைச் செயலக வளாகத்துப் பத்துமாடிக் கட்டடத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. அங்கே போய்வருபவர்களில் எத்தனை பேருக்கு அவர் ஓவியர் என்று தெரியுமோ!

கேமரா வந்ததும் எழுதுவது போய்ப் 'பிடிப்பது' வந்தது. போட்டோப் புடிச்சா ஆயுசு கொறையும் என்ற பயம் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. பிடிபட்டது திரும்பி வருமா? ஏடுகளில் மட்டும் வாழும் 'புகைப்படம்' இந்தப் பயத்தைத் தொடவே இல்லை. 1935இல் திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியபின் படம் எடுப்பது, ஓட்டுவது எல்லாம் ஊர்ப்பேச்சானது. படம் காட்டாதே என்ற கிண்டல் இன்றும் ஓடுகிறது. சினிமா வெண்திரையில் விழுவதால், சொல் சுற்றிவந்து மறுபடி துணியில் உட்கார்ந்தது என்றும் சொல்லலாம். நாமக்கல், திருச்செங்கோட்டு லாரிப் பட்டறைகளிலோ படம் 'போடுவார்கள்': சாமி, தலைவர், முதலாளியின் குழந்தை.

கடைசியாக வந்த வினை 'திற'. 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது. அந்த இயக்கத்துக் குடும்பங்களில் புரோகிதரை அழைத்துக் கருமாதி செய்வதற்குப் பதில் படத்திறப்பு நடக்கும். மந்திரத்தின் இடத்தில் பேச்சு, பிண்டத்தின் இடத்தில் முகம். சடங்கை வேண்டாமென்றவர்கள் உருவத்தை மட்டும் கைவிடவில்லை. வீரனுக்குக் கல் நட்டு உருவம் செதுக்கிய பழக்கம் அவ்வளவு ஆழம். பழைய சேலம் மாவட்டத்தின் தருமபுரிப் பகுதியில் அந்தக் கற்களில் சிலவற்றை இன்றும் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள்.

எல்லா மக்களுக்கும் இப்படியில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பலரிடம் இறந்தவரின் உருவத்தைத் துக்க காலத்தில் மறைத்துவைப்பதே மரியாதை; அங்கே தொலைக்காட்சியில் அத்தகைய உருவம் வருமுன் எச்சரிக்கை போடுகிறார்கள். நம்மவர் மேடையில் நடப்பது நேர் எதிர். முதலில் படத்தைச் சீலையால் மூடுகிறார்கள், பிறகு ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு அந்தச் சீலையை இழுக்கிறார்கள். எந்தச் சொல் எதைக் குறித்தது என்று அப்போது யாரும் கேட்பதில்லை. காலமானவரின் கட்சிக்காரர் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டிருப்பார்.