அலையாத மந்தைகள்

மழை குறைந்த நாட்டில் ஆடுமாடு வைத்திருப்பவர்கள் ஓரிடத்தில் தங்கியிருக்க முடியாது என்ற எண்ணம் வரலாற்றெழுத்தில் நெடுங்காலம் கேள்வியின்றி நிலைத்திருந்தது. குஜராத்தின் கச்சு, சௌராஷ்டிரப் பகுதிகளைப் பற்றி எழுதியவர்களுக்கு அதற்குக் கண்ணெதிரே ஆதாரமும் இருந்தது: மழைக்காலம் முடிந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு கிளம்பி, அடுத்த மழைக்குத்தான் ஊர் திரும்பும் ரபாரிகள். அவர்களை மனத்தில் வைத்துக்கொண்டு, நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சிந்துவெளிக் காலச் சிற்றூர்களையும் மேய்ப்பர்களின் பருவகாலத் தங்கலிடங்களாகக் கண்டார்கள். சௌராஷ்டிரத்தின் ஒரியோ டிம்போவுக்கு அப்படித்தான் விளக்கம் சொல்லப்பட்டது. ஆனால் இன்றைய ரபாரிகளின் நடைக்கு இன்றைய காரணங்கள் இருக்கின்றன. அவற்றை அப்படியே பழங்காலத்தின் மேல் ஏற்றிவிடக் கூடாது. அந்த ஊர்களின் மாடுகளும் எருமைகளும் வயலோடு பிணைந்து வாழ்ந்தவை என்பதே, இதுவரை கிடைத்த அவற்றின் பற்களைக் கொண்டு நான் வந்தடையும் முடிவு.

எலும்பைவிடப் பல் நல்ல சாட்சி. வெப்பமான மண்ணில் கிடக்கும் எலும்பில் கொலாஜன் என்னும் புரதம் சிதைந்துபோகிறது. பல்லின் மேலுறையான எனாமலோ ஒருமுறை உருவான பிறகு உயிரோடு இருக்கும்வரை மாறுவதில்லை. புதைந்த பின்னும் பெரும்பாலும் கெடுவதில்லை. மாட்டின் கடைசிக் கடைவாய்ப்பல் நுனியிலிருந்து அடிவரை உருவாக ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆகவே மேலிருந்து கீழாக வரிவரியாகச் சுரண்டி எடுக்கும் எனாமல் பொடியில் அந்த மாடு கண்ட மழையும் பனியும் கோடையும் வரிசைப்படிக் கிடைக்கின்றன. அந்தப் பொடியிலுள்ள கார்பன் உணவைக் காட்டும்: சோளம், கம்பு, சாமை, வெப்பநாட்டுப் புற்கள் ஆகியவை ஒளிச்சேர்க்கை செய்யும் விதம் வேறு. மரஞ்செடிகளும் நெல், கோதுமை, பார்லியும் செய்யும் விதம் வேறு. முதல் வகையில் கனமான கார்பன்-13 சற்றுக் கூடுதலாகத் தங்கும். ஆக்சிஜன் ஐசோடோப்புகளின், அதாவது எடை வேறுபட்ட அணுக்களின், ஏற்ற இறக்கம் பருவத்தைக் காட்டும். ஸ்ட்ரான்சியம் இடத்தைக் காட்டும்: பாறையிலிருந்து மண்ணுக்கும் அங்கிருந்து புல்லுக்கும் பல்லுக்கும் அதன் ஐசோடோப்பு விகிதம் ஏறக்குறைய மாறாமல் வந்து சேர்கிறது.

கச்சு வளைகுடா ஓரத்திலுள்ள பகாஸ்ரா, மதில் சூழ்ந்த சிறிய ஊர்; சங்கு வளையல் செய்த இடம். அங்கே கிடைத்த பற்களில் தொல்லியலாளர் பிராட் சேஸ், வதோதரா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் அஜித்பிரசாத் முதலியோர் இந்த ஐசோடோப்புகளைச் சேர்த்து ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். மாடும் எருமையும் ஆண்டு முழுவதும் முதல் வகைத் தாவரங்களையே தின்றிருந்தன. ஆடுகளின் உணவு பலவகைப்பட்டது. பெரும்பாலானவை ஊரின் சுற்றுவட்டாரத்திலேயே வளர்ந்தவை. கச்சிலுள்ள கோட்டடா பட்லியில் வேறொரு குழுவும் இதே வேறுபாட்டைக் கண்டது. அங்கே மாடும் எருமையும் வயது முதிர்ந்து இறந்திருக்கின்றன. ஆடுகளைப் பெரும்பாலும் இளமையிலேயே அறுத்திருக்கிறார்கள். 59 பானையோடுகளில் ஊறிய கொழுப்பை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த கட்டுரை, அவ்வூரில் பாலைப் பதப்படுத்தியதற்கு நேரடிச் சான்று தந்தது. கறவைக்கு வைத்திருக்கும் விலங்கைப் பயிர்த்தட்டை போட்டுப் பக்கத்திலேயே பராமரிப்பது இதற்கெல்லாம் பொருந்தி வருகிறது.

குஜராத்தின் காட்டுப் புற்களும் பெரும்பாலும் முதல் வகைதானே, மாடு புல்லை மேயும், ஆடு தழையைக் கடிக்கும், இதில் வயல் எங்கே வந்தது என்று கேட்கலாம். வலுவான ஆட்சேபம்தான். கார்பனை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. ஆனால் அங்கே மழை பெய்வது மூன்று நான்கு மாதங்கள்தான்; பிறகு புல் காய்ந்து தீர்ந்துபோகும். சுற்றுவட்டாரத்தை விட்டுப் போகாத ஒரு மாடு கோடையிலும் தழைக்கு இறங்காமல் புல்லினத்தையே தின்றிருக்கிறது என்றால், யாரோ அதற்குத் தீவனம் சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஒரியோ டிம்போ, பாபர் கோட் ஆகிய இடங்களின் கருகிய தாவர எச்சங்களை ஆராய்ந்த சீதா நரஹரி ரெட்டியும் சிறுதானியங்கள் தீவனமாகப் பயன்பட்டதை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

ஸ்ட்ரான்சியத்துக்கும் ஒரு குறை உண்டு. சௌராஷ்டிரத்தின் பெரும்பகுதி தக்காணத்தின் கரும்பாறை. அதற்குள்ளேயே வெகுதூரம் நடந்த மந்தையின் பல் அந்த நடையைக் காட்டிக்கொடுக்காது. அதனால்தான் சேஸின் குழு, இன்று மேயும் கால்நடைகளின் சாணத்தைப் பல இடங்களில் சேகரித்து, எந்த மேய்ச்சல் நிலத்துக்கு எந்த விகிதம் என்று பார்த்தது. 2018இல் வெளியான அந்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். பாறைப் படத்தைப் பார்த்து ஊகிப்பதைவிட, விலங்கின் வயிற்றுக்குள் உண்மையில் போனது எது என்பதிலிருந்து தொடங்குவதே நேர்மையான வழி. அப்போதும் கரும்பாறைக்குள் நடந்த நடை முழுவதும் வெளிப்பட்டுவிடாது. பாறை வேறுபடும் நெடுந்தொலைவுக்குப் போய்வந்திருந்தால்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்லலாம்: மதிலுக்குள் கிடைப்பது ஊரார் தின்ற விலங்கின் எலும்பு, அலைந்தவர்களின் மந்தை அங்கே எப்படிக் கிடைக்கும்? இதை நான் மறுக்கவில்லை. நாடோடி மேய்ப்பர்களே இருந்ததில்லை என்று இந்தச் சான்று சொல்லவும் இல்லை. ஆனால் அவர்கள் இருந்தார்கள் என்போர் அதை நிறுவ வேண்டும். வறட்சியைக் காட்டினால் மட்டும் போதாது. அவர்களைத் தேட வேண்டிய இடமும் இப்போது குறுகியிருக்கிறது: ஆடுகளின் பற்களில் தெரியும் அந்தப் பலவகை மேய்ச்சலுக்குள்ளும், இன்னும் யாரும் தோண்டாத, மதிலற்ற சிறிய தங்கலிடங்களிலும்.