கல் பங்களாவும் புல் வீடும்

சென்னையிலோ, திருத்தணிப் பக்கம் கே.ஜி.கண்டிகையிலோ இருக்கிறவர்களுக்கு மார்கழிக் குளிர் என்பது ஒரு போர்வை சமாசாரம். காதைப் பொத்திக்கொண்டு சூடாக ஒரு டீ குடித்தால் தீர்ந்தது! 'இதெல்லாம் ஒரு குளிரா? கணப்பு எரியணும், ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கணும்' என்று ஆசைப்படுகிறவர்கள் ஊட்டியில் ஒரு காட்டேஜ் பிடித்து இரண்டு நாள் சுருண்டு கிடந்துவிட்டு வருகிறோம். இந்த ஆசையை ஆரம்பித்து வைத்தவர் யார் தெரியுமா? கோயமுத்தூர் வெயிலில் வெந்துகொண்டிருந்த ஒரு கலெக்டர்!

ஜான் சல்லிவன் என்று பெயர். 1819 ஜனவரியில், அதாவது உறைபனி விழும் மாதத்தில், நீலகிரி மீது ஏறினார். இன்றைக்கு இருக்கும் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் அப்போது ஏது? காடும் பாறையும்தான். மேலே போனதும் சொக்கிப் போனார் மனிதர். அதே வருடம் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு பங்களா எழும்பியது. கூடவே வந்த லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவர ஆராய்ச்சியாளர் சமவெளியில் உடம்பு சரியில்லாமல் இருந்தவர். மலைக்காற்று பட்டதும் தேறிவிட்டார். 'ஆஹா, ஆஸ்பத்திரியே தேவையில்லை போலிருக்கே!' என்று வெள்ளைக்காரர்கள் மத்தியில் செய்தி பரவியது.

அடுத்து ஊட்டி. 1822-ல் தொடங்கி அடுத்த வருடம் அங்கே ஒரு கல்வீடு கட்டினார் சல்லிவன். மலைவாசிகளான படகர்கள் அதற்கு வைத்த பெயர் 'கல் பங்களா'. பிற்பாடு அது அரசு கலைக் கல்லூரியின் வளாகத்துக்குள் வந்தது. ஊட்டி ஏரியும் அவர் கைவண்ணம்தான்.

பிறகென்ன, பெரிய மனிதர்கள் வரிசையாக மலையேறினார்கள். 1834-ல் வந்தவர் மெக்காலே. ஆமாம், நமக்கு இங்கிலீஷ் படிப்பைக் கொண்டு வந்தாரே, அவரேதான்! சென்னையிலிருந்து சுமார் 400 மைல் தூரம் பல்லக்கிலேயே வந்தார். சுமந்தவை நம்மவர்களின் தோள்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? வந்த நேரம் பார்த்து விடாத மழை. வெளியே தலைகாட்ட முடியவில்லை. கையோடு கொண்டு வந்திருந்த 'கிளாரிஸ்ஸா' என்ற தலையணை சைஸ் நாவலை ஊரில் இருந்த துரைமார்களுக்கும் துரைசானிகளுக்கும் படிக்கக் கொடுத்தார். அத்தனை பேரும் அந்தக் கதையில் மயங்கிக் கிடந்தார்களாம்!

இப்போது ஒரு கேள்வி. ஊட்டியின் முதல் 'காட்டேஜ்' கல் பங்களாதானா?

இல்லவே இல்லை! அதற்கு ரொம்ப காலம் முன்பே தோடர்கள் அங்கே வீடு கட்டிக் குடியிருந்தார்கள். பீப்பாயை நெடுக்குவாட்டில் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி ஒரு வடிவம். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்ந்திருப்பார்கள். வாசல் சுமார் மூன்றடி உயரம்தான். தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். ஏன் அவ்வளவு சின்னதாக? குளிர் காற்று நுழையக் கூடாதே! உள்ளே ஒரு பக்கம் படுக்கத் திண்ணை, ஒரு பக்கம் அடுப்பு. நாம் காசு கொடுத்துத் தேடும் கதகதப்பு அங்கே தினப்படி வாழ்க்கை. தோடர்களின் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். 'ஊட்டக்கமண்ட்' என்று வெள்ளைக்காரன் உச்சரித்த பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான்.

அப்படியானால் மலை யாருக்குச் சொந்தம்? இந்த இடத்தில்தான் சல்லிவன் ஆச்சரியப்படுத்துகிறார். அவரும் சாமியார் அல்ல. ஏக்கருக்கு ஒரு ரூபாய் கணக்கில் தோடர்களிடம் நிலம் வாங்கியவர்தான். ஆனால், 'இந்த நிலம் தோடர்களுடையது. கேட்டு, விலை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்' என்று தன் சொந்த சர்க்காருடனேயே மல்லுக்கட்டினார். 1827-ல் சென்னை கவர்னராக வந்த லஷிங்டன் இதை ஏற்கவில்லை. அவர் ஊட்டியை ராணுவத்தினர் நோய் தீர்ந்து தேறுவதற்கான இடமாக்கினார். சல்லிவனின் பிடி தளர்ந்தது. கடைசியில் கம்பெனி சொன்ன தீர்ப்பு: தோடர்களுக்கு எருமை மேய்க்கும் உரிமை உண்டு. நிலத்தின் உடைமை கிடையாது! ஏமாந்தவர்கள், காலங்காலமாக அங்கே அடுப்பு மூட்டியவர்கள்.

சல்லிவன் மனைவியையும் ஒரு மகளையும் ஊட்டி மண்ணில் பறிகொடுத்தார். செயின்ட் ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் இருக்கிறார்கள். 1841-ல் இங்கிலாந்து திரும்பிய அவர், 1855-ல் காலமானார்.

அடுத்த முறை ஊட்டி போனால், தாவரவியல் பூங்காவின் மேல்பக்கம் இருக்கும் தோடர் மந்து வரை நடந்துவிட்டு வாருங்கள். நீங்கள் விருந்தாளியாகப் போயிருப்பது யாருடைய ஊருக்கு என்பது அங்கே புரியும்.