வேலி போட்டும் பிழைக்காத பட்டாம்பூச்சி



"செடி பிழைக்க வேண்டுமா? முதலில் வேலி போடு, ஆட்டை உள்ளே விடாதே" என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதை இங்கிலாந்தின் ஒரு சிறு செடியின் வரலாற்றைப் படித்தபோது உணர்ந்தேன்.

காட்டுத் தைம் என்ற படர்செடி அது. துளசி, கற்பூரவல்லியின் குடும்பம். நம் ஓமத்துக்கு மணம் தரும் தைமால் என்ற பொருளுக்குப் பெயர் வந்ததே தைம் செடியிலிருந்துதான். வெயில் படும் சரிவுகளில், சத்துக் குறைந்த மெல்லிய மண்ணில் தரையோடு படரும். புல் உயர்ந்தால் நிழலில் நலிந்துபோகும். ஆடு மேய்ந்தால்தான் இதற்கு வாழ்வு.

இதன் மொட்டில் முட்டையிடுவது பெரிய நீலப் பட்டாம்பூச்சி. புழு சில வாரம் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும். சிவப்பு எறும்பு அதைத் தன் குஞ்சு என்று நம்பிப் புற்றுக்குத் தூக்கிச் செல்லும். அங்கே சுமார் பத்து மாதம் எறும்பின் குஞ்சுகளையே தின்று வளரும்!

இந்தப் பட்டாம்பூச்சி குறைந்துகொண்டே வந்தது. பிடித்துச் சேகரிப்பவர்கள் மீது பழி விழுந்தது. அவர்களைத் தடுக்க வேலி போட்டார்கள். ஆடுமாடுகளும் வெளியே நின்றுவிட்டன. 1953-இல் பரவிய ஒரு நோய் முயல்களையும் கொன்றது. மேய ஆளில்லாமல் புல் உயர்ந்தது.

1970-களில் ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் உண்மையைக் கண்டறிந்தார். சிவப்பு எறும்புகளில் குறிப்பிட்ட ஒரு வகையின் புற்றில்தான் இந்தப் புழு நன்றாகப் பிழைக்கும். அந்த எறும்புக்குச் சூடான மண் வேண்டும். புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலே மண் குளிர்ந்து, எறும்பு மறைந்துவிடும். இது தெரிவதற்குள் காலம் கடந்துவிட்டது. 1979-இல் பிரிட்டனில் அந்தப் பட்டாம்பூச்சி அற்றுப்போனது.

பிறகு மேய்ச்சலை மீண்டும் கொண்டுவந்தார்கள். 1983-இல் சுவீடனிலிருந்து அதே இனத்தை வரவழைத்து விட்டார்கள். இன்று அது தைம் பூக்களின் மேல் மறுபடியும் பறக்கிறது.

வேலியே பயிரை மேய்ந்த கதை நமக்குத் தெரியும். இங்கே வேலி மேய்ச்சலைத் தடுத்தே கெடுத்தது. பழைய மாணவர்களே, நான் சொன்ன பாடத்தில் இந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: காப்பாற்ற நினைக்கும் உயிர் எதனால் வாழ்கிறது என்று முதலில் பாருங்கள். வேலியைப் பிறகு போடலாம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்