கிணற்று ஜாடியும் லியோன் கோப்பும்

போலீஸ் கண்காணிப்பு என்று பேச்செடுத்தால் நம் சிறுபத்திரிகை நண்பர்கள் நேராக ஃபூக்கோவின் சிறைக்கூடத்துக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். தூத்துக்குடிக்காரனான எனக்கு மணியாச்சி ரயில் சந்திப்பே போதும். 17 ஜூன் 1911இல் அங்கே ஆஷ் சுடப்பட்டதும் வாஞ்சிநாதன் தன்னையே சுட்டுக்கொண்டதும் தேசியக் கதையாடலில் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தச் சத்தம் அடங்கிய பிறகு எழுதப்பட்ட காகிதங்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

ஆஷ் 1908இல் தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு எதிராக நின்றவர். கொலைக்குப் பின் போலீசின் பார்வை பிரெஞ்சுப் புதுச்சேரி மேல் இன்னும் அழுத்தமாக விழுந்தது. பாரதி 1908லும், அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் 1910லும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். பிரிட்டிஷ் போலீஸ் அங்கே யாரையும் கைது செய்ய முடியாது. ஆனா ஒற்றர்களை உட்கார வைத்து, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று குறித்துக்கொண்டே இருக்கலாம், இருந்தார்கள். எல்லை ஆளுக்குத்தான், கோப்புக்கு இல்லை. பிரெஞ்சு நிர்வாகமும் தன் பங்குக்கு 1911இல், வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளூர்ப் பிரமுகர்கள் 5 பேரின் சான்றோடு பதிந்துகொள்ள வேண்டும் என்று விதித்தது.

கோப்பில் சேர்க்கச் சரக்கு போதவில்லை. அப்போ உற்பத்தி செய்ய வேண்டியதுதான். ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி. அதற்குள் சதிக்குச் சாட்சியாகும்படி தயாரித்த காகிதங்கள். ஜாடி முதலில் இவர்கள் கையிலேயே சிக்கிவிட்டது. அரவிந்தரின் யோசனைப்படி பிரெஞ்சுப் போலீசிடம் இவர்களே போய்ச் சொன்னார்கள். புகாரின் பேரில் சோதனை போட வந்த விசாரணை நீதிபதி நாந்தோ, அரவிந்தர் வீட்டில் கிரேக்க, லத்தீன் புத்தகங்களைப் பார்த்தார். மரியாதையோடு திரும்பிப் போனார். புகார் கொடுத்தவன் பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடிப்போனான்.

இதைப் பிரெஞ்சுக்காரனின் பெருந்தன்மை என்று கொண்டாட எனக்கு மனசில்லை. தங்களைப் பற்றி என்ன தயாராகிறது என்பது சம்பந்தப்பட்டவர்களுக்கு உரிய நேரத்தில் தெரிந்தது. அதைச் சரிபார்த்தவர் கோப்பு எழுதிய போலீசின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர். இவை இரண்டும் சேர்ந்துதான் காப்பாற்றின. மூன்றாவது ஒன்றும் உண்டு, அதுதான் உறுத்துகிறது: கிரேக்கமும் லத்தீனும். அந்த வீட்டில் வலையும் துடுப்பும் சாய்த்து வைத்திருந்தால் அதே மரியாதை கிடைத்திருக்குமா? அந்த வருஷங்களில் இதே தூத்துக்குடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலியின் கழுத்தில் எண் பொறித்த தகரம் தொங்கியது. அவன் கடன் இவ்வளவு என்று எழுதிய காகிதத்துக்குப் பேரே 'துண்டு'. அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடையாது. 1921இல் ஒழிக்கும் வரை அதுதான் நிலைமை. அதில் எழுதினதை அவன் எங்கே வாசிக்க, எங்கே திருத்த?

ஜாடிக் கதையை நான் கிளறுவதற்குக் காரணம் இன்டர்போல். 1923இல் வியன்னாவில் தொடங்கிய அதன் முன்னோடி அமைப்பு 1938இல் நாஜிகள் கைக்குப் போனது. 1940இல் ஹைட்ரிக் அதன் தலைவர். குற்றவாளிகளின் அட்டைகள் பெர்லினுக்குப் போயின. ஆனாலும் கோப்புகளை மேற்பார்க்க ஓர் ஆணையம் வந்தது அந்தக் குற்றவுணர்விலிருந்து அல்ல, பேரத்திலிருந்து. 1978இல் பிரான்ஸ் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அந்த மண்ணில் தலைமையகம் வைத்திருந்த இன்டர்போல், உங்க சட்டம் எங்க கோப்புகளுக்குச் செல்லாது என்று மல்லுக்கு நின்றது. 1982 ஒப்பந்தத்தில், பிரெஞ்சு அதிகாரிகள் கை வைக்க மாட்டார்கள், பதிலுக்குத் தனி ஆணையம் ஒன்று இருக்கும் என்று முடிந்தது. 2017 முதல் அதன் முடிவுகள் இன்டர்போலைக் கட்டுப்படுத்துகின்றன. கோப்பைப் பார்க்கக் கேட்டால் 4 மாதம், திருத்தவோ நீக்கவோ கேட்டால் 9 மாதம் கெடு. ஆனால் லியோனில் அழித்தது டெல்லியிலோ கொழும்பிலோ தானாக அழியாது. நாட்டுப் போலீஸ் கையிலிருக்கும் நகல் அதன் எல்லைக்கு வெளியே.

மெகுல் சோக்சி 2022இல் தன் மீதான சிவப்பு அறிவிப்பை இந்த ஆணையம் வழியே நீக்கவைத்தார். சி.பி.ஐ. பகிரங்கமாக ஆட்சேபித்தது. வைர வியாபாரிக்குக் கிடைத்ததைக் குறைசொல்ல நான் வரவில்லை. பாரதி பிறந்த எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் தாப்பாத்தி ஈழ அகதிகள் முகாம் இருக்கிறது. 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. கியூ பிரிவின் கண்காணிப்பு போகவில்லை. அங்கீகரிக்கப்பட்ட அகதி மீது, அவர் தப்பி வந்த நாடு கேட்கும் அறிவிப்பை இன்டர்போல் ஏற்பதில்லை. நல்ல விதிதான். ஆனால் இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை; இங்கே 30, 40 வருஷம் முகாமில் கிடந்தவருக்கும் அந்த அங்கீகாரத்தைக் கொடுக்கச் சட்டம் இல்லை. 2023ஆம் வருஷத்துத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, 'அயல்நாடுகளுடனான நட்புறவு' என்ற காரணத்துக்காகவும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு தரலாம் என்கிறது. வாரியத்தை நியமிப்பதும் மத்திய அரசே. கோப்பை எழுதுபவரும் அனுப்புபவரும் சரிபார்ப்பவரை நியமிப்பவரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

தாப்பாத்தியிலிருந்தும் லியோனுக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது. ஆனா ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபு இந்த நான்கில் ஒன்றில்தான் எழுத வேண்டும்.